அடிநாதமாய் நின்றவர்

(இசை அன்பர்கள் கூடிய ஒரு மாலை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்குவதற்கு முன்னால் திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியைப் போடச் சொன்னேன். எல்லோரும் பார்த்தீர்கள். 1957 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கிலிருந்து சி.பி.எஸ். தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பிய ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியில் வந்த காட்சி அது. பில்லி ஹாலிடே உட்கார்ந்தபடி ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ என்ற தம்முடைய பாட்டைப் பாடுகிறார். கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங் என்று சாக்ஸபோன் மேதைகள் சுற்றி நிற்கிறார்கள். உடல் தளர்ந்துபோன லெஸ்டர் யங் தம் முறை வந்ததும் ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். அதைக் கேட்கும்போது பில்லியின் முகம் மலர்வதையும் தலை அசைவதையும் பார்த்தபோது இந்த அரங்கே மூச்சடங்கி இருந்தது. நானும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கலங்கிவிடுகிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. லெஸ்டர் வாசித்த அந்தச் சுற்றில், அவருடைய சாக்ஸபோனுக்கு அடியில் ‘தும்… தும்…’ என்று யாரோ நடந்து வருவதுபோல ஓர் ஓசை சீராகப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை பேர் கவனித்தீர்கள்? கை தூக்க வேண்டாம். கவனிக்காதது உங்கள் பிழையும் இல்லை. கேமராவே பெரும்பாலும் பில்லியிடமும் குழல் ஊதுகிறவர்களிடமும்தான் இருந்தது. அந்த ஓசைக்குச் சொந்தக்காரர் மில்ட் ஹிண்டன். டபுள் பேஸ் வாசித்தவர். இன்றைய என் பேச்சு முழுவதும் அவரைப் பற்றியதுதான்.

அமெரிக்க ஜாஸ் உலகில் இப்படிப்பட்டவர்களை ‘சைட்மேன்’ என்பார்கள். நமக்குப் பக்கவாத்தியம் என்ற அருமையான சொல் இருப்பதால் எளிதில் புரிந்துவிடும். ஆனால் நம் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் பாடகருக்குப் பக்கத்திலேயே, கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கும். ஜாஸில் பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் பின்வரிசையில் நிற்பார். ஏறத்தாழ ஆறடி உயரக் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரவெல்லாம் நின்றுகொண்டே வாசிப்பார். பேரும் படமும் இசைத்தட்டின் உறையில் முன்னால் வருவது அபூர்வம்.

என் இளமையில் ஜாஸ் கேட்டது ஒரு சின்ன டிரான்சிஸ்டரில். டிரம்பெட் கேட்கும், பியானோ கேட்கும், பாட்டு கேட்கும். பேஸ் என்று ஒரு கருவி இருப்பதே எனக்குத் தெரியாது. டபுள் பேஸின் கடைசித் தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிரும். அவ்வளவு கனமான ஒலியை எழுப்பக் கையகல ஒலிபெருக்கிக்குச் சக்தி கிடையாது. பல ஆண்டுகள் கழித்து, ஒரு நண்பர் வீட்டில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே பாட்டுகளைத் திரும்பக் கேட்டேன். வீட்டுக்கு அடியில் இருந்த அஸ்திவாரத்தை முதல்முறை பார்த்ததுபோல இருந்தது. அத்தனை நாளும் நான் கேட்டது கூரையையும் சுவரையும்தான் என்று அன்று புரிந்தது.

பேஸ் என்ன செய்கிறது? இரண்டு வேலை. ஒன்று தாளம், இன்னொன்று சுரம். ஓர் ஆவர்த்தனத்துக்கு நான்கு தட்டு என்று வைத்துக்கொண்டால், நான்கு தட்டிலும் ஒவ்வொரு சுரத்தை விரலால் சுண்டிக்கொண்டே போவார். அதை ‘வாக்கிங் பேஸ்’ என்கிறார்கள். தமிழில் சொன்னால் நடை. தாளத்தின் போக்கையும் நாம் நடை என்றுதானே சொல்கிறோம்! அந்த நடையில் அவர் எந்தச் சுரத்தை மிதிக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மேலே வாசிக்கிறவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். நிமிடத்துக்கு 200 தட்டு ஓடும் வேகமான உருப்படி ஐந்து நிமிடம் போனால் பேஸ்காரர் ஆயிரம் முறை சுண்டியிருப்பார். அந்த ஆயிரத்தில் பத்து தடுமாறினாலும் மேலே இருப்பவர் தள்ளாடிவிடுவார். ஆயிரமும் சரியாக விழுந்தால், மேலே இருப்பவர் பிரமாதமாக வாசித்தார் என்று ஊர் பேசும்.

தமிழில் ‘அடி’ என்றால் பாதம், கீழ்ப்பகுதி, தாளத்தின் தட்டு. மூன்று பொருளும் ஒருசேரப் பொருந்தும் ஒரு வாழ்க்கை மில்ட் ஹிண்டனுடையது.

1910 ஜூன் 23-ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை பிரிந்து போய்விட்டார். வளர்த்தவர்கள் தாயும் பாட்டியும். அந்தப் பாட்டி அடிமையாக வாழ்ந்தவர். ஹிண்டன் சிறுவனாக இருந்தபோதே, வெள்ளையர் கும்பல் ஒன்று ஒரு கறுப்பின மனிதரைக் கொன்று தொங்கவிட்ட கொடுமையைக் கண்ணால் கண்டார். முதுமையிலும் அதைச் சொல்லியிருக்கிறார். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே சிகாகோவுக்குக் கிளம்பிய கறுப்பினக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

சிகாகோவில் அவருக்கு வாய்த்தது வயலின். பதின்மூன்று வயதில் அம்மா வாங்கிக் கொடுத்தது. பையன் உயிரைக் கொடுத்துப் படித்தான். நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் தேர்ச்சி வந்துவிட்டது. ஆனால் கறுப்பின வயலின்காரருக்குச் சிம்பொனி இசைக்குழுவில் இடம் கிடையாது. இருந்த ஒரே கதவு சினிமா கொட்டகை. ஊமைப்படங்களுக்குத் திரையின் அடியில் உட்கார்ந்து வாசிக்கும் குழுக்களில் வயலினுக்கு வேலை இருந்தது. 1927-இல் பேசும்படம் வந்தது. அந்தக் கதவும் சாத்தப்பட்டது. படித்த கலைக்குப் பிழைப்பில்லாமல் போன அந்த இளைஞர், ஜாஸ் குழுக்களுக்கு எது வேண்டும் என்று பார்த்தார். தூபா பழகினார், பிறகு டபுள் பேஸுக்கு வந்து சேர்ந்தார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு வந்திருந்த மூத்த பேஸ்காரர்கள், தந்தியை இழுத்து விட்டுக் கட்டையில் ‘பட்’டென்று அறையவைக்கும் ‘ஸ்லாப்’ முறையில் கெட்டிக்காரர்கள். அதை ஹிண்டன் கற்றுக்கொண்டு, முதுமை வரைக்கும் கைவிடாமல் காப்பாற்றினார்.

அந்தக் காலத்துச் சிகாகோவைப் பற்றி அவர் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. மதுவிலக்குக் காலம். காசுக்காகக் கள்ளச் சாராயம் ஏற்றிய வண்டியில் வேலைக்குப் போனார். விபத்து. கையில் ஒரு விரல் தோலில் தொங்கியது. மருத்துவர்கள் வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். விரல் போனால் இசை போயிற்று என்று பையன் கதற, அந்தச் சாராய வியாபாரத்தின் தலைவன் அல் கபோனே ஆஸ்பத்திரிக்கு வந்து, வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். விரல் தைக்கப்பட்டது. அந்த விரலோடுதான் அதற்குப்பின் பல பத்தாண்டுகள் வாசித்தார்.

1936-இல் திருப்பம் வந்தது. கேப் கேலோவே அன்று அமெரிக்கா முழுவதும் பேர்பெற்ற பாடகர். அவர் குழுவின் பேஸ்காரர் விலகிவிட, நியூயார்க் போய்ச் சேரும்வரை மட்டும் வாசிக்கட்டும் என்று ஹிண்டனைச் சேர்த்துக்கொண்டார். தற்காலிகமாக ஏறியவர் 1951 வரை, பதினைந்து ஆண்டு அங்கே இருந்தார்.

அந்தக் குழு ரயிலில் தனக்கென்று ஒரு ‘புல்மன்’ படுக்கைப் பெட்டியை வாடகைக்கு எடுத்துப் பயணம் செய்தது. இதை ஆடம்பரம் என்று எண்ணிவிடாதீர்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு நல்ல ஓட்டலில் அறை கிடையாது, உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. இரவு ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். கச்சேரி முடிந்ததும் தூங்க இடம் தேடி அலைய வேண்டும். அந்த ரயில் பெட்டி அவர்களுக்குக் கூரை, கோட்டை இரண்டுமாக இருந்தது.

இங்கே அவர் வாழ்வின் இன்னொரு கருவியைச் சொல்ல வேண்டும். 1935-இல் பிறந்தநாள் பரிசாக ஒரு 35 மில்லிமீட்டர் கேமரா கிடைத்தது. போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோனார். ரயிலில் வாய் திறந்து தூங்கும் நண்பர்களை எடுத்தார். மேடைக்குப் பின்னால் சீட்டாடுகிறவர்களை எடுத்தார். தெற்கத்தி ரயில் நிலையத்தில் ‘கறுப்பருக்கான வாசல்’ என்று எழுதிய பலகையின் கீழே, நேர்த்தியான கோட்டும் தொப்பியுமாக நின்ற தம் சக கலைஞர்களை எடுத்தார். அந்தப் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அவர்கள் தலைகுனிந்து நிற்கவில்லை. நேராக நிற்கிறார்கள். எடுத்தவரும் அதே வாசல் வழியாக உள்ளே போகவேண்டியவர்தான். வெளியிலிருந்து வந்த பத்திரிகைப் படக்காரருக்கு அந்த முகங்கள் கிடைத்திருக்கவே முடியாது.

1939-இல் அந்தக் குழுவுக்கு ஓர் இளம் டிரம்பெட் கலைஞர் வந்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி. புதுப்புதுச் சுரக்கோவைகளைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளை. குழுவில் பலருக்கு அது பிடிபடவில்லை. ஹிண்டன் அவரைவிட ஏழு வயது மூத்தவர். ஆனால் இரண்டு ஆட்டத்துக்கு இடையில், குழு வாசித்த காட்டன் கிளப்பின் இரும்புப் படிக்கட்டு வழியாக அந்தப் பெரிய கருவியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். அங்கே டிஸ்ஸி ஊதிக் காட்ட, இவர் கேட்டுக் கேட்டுப் பேஸில் பிடிப்பார். நன்றாக நிலைபெற்ற ஒரு கலைஞர், தம்பி வயதுப் பையனிடம் மாடியில் நின்று பாடம் கேட்கிறார். பிற்பாடு அந்தப் பையன் தேடியதிலிருந்துதான் ‘பீபாப்’ என்ற புதிய இசை பிறந்தது. அதற்கு முந்தைய ‘ஸ்விங்’ காலத்துப் பேஸ்காரர்கள் பலர் காலத்தோடு கரைந்துபோக, ஹிண்டன் கரையாமல் நின்றதற்கு அந்த மொட்டைமாடிதான் காரணம் என்பது என் எண்ணம்.

1941-இல் ஹார்ட்ஃபர்ட் நகரில் நடந்த சண்டை ஜாஸ் வரலாற்றில் பிரசித்தம். மேடையில் யாரோ எச்சில் காகித உருண்டையை எறிய, கேலோவே டிஸ்ஸிமேல் பழிபோட்டார். எறிந்தது டிஸ்ஸி இல்லை. திரைக்குப் பின்னால் வாய்ச்சண்டை முற்றி டிஸ்ஸி கத்தியை எடுத்துவிட்டார். பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டவர் ஹிண்டன். கத்தி தடம்மாறி, கேலோவேக்குத் தொடையில் காயத்தோடு போயிற்று. டிஸ்ஸிக்கு வேலை போயிற்று. ஆனால் ஒருவர் உயிரும் இன்னொருவர் எதிர்காலமும் பிழைத்தன. நொடி தவறாமல் தட்டில் விழப் பழகிய கை அது.

பெரிய குழுக்களின் காலம் முடிந்தது. 1951-இல் நாற்பது வயதுக்குமேல் ஹிண்டன் நியூயார்க்கில் வேலை தேடும் நிலை. அன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் நல்ல சம்பளம் உண்டு. அங்கே வெள்ளையர் கையில்தான் வேலை. ஒருநாள் நகைச்சுவை நடிகர் ஜாக்கி க்ளீசன் பழைய பழக்கத்தில் அவரைக் கண்டு விசாரித்தார். வேலையில்லை என்று தெரிந்ததும், தம்முடைய இசைத்தட்டுப் பதிவில் இவரைச் சேர்க்கும்படி தம் ஆட்களிடம் சொன்னார். தயக்கம் இருந்தது, க்ளீசன் விடவில்லை. உள்ளே போன ஹிண்டனை அதற்குப்பின் யாரும் வெளியே விட மனம் வைக்கவில்லை. முன்னால் வைத்த தாளை ஒத்திகையில்லாமல் வாசிப்பார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார். சிறுவயதில் வயலினுக்காகப் பட்ட பாடு, சிம்பொனியில் இடம் மறுக்கப்பட்ட அந்தப் படிப்பு, இருபத்தைந்து ஆண்டு கழித்து இங்கே வந்து கைகொடுத்தது.

கூடத்து வாழ்க்கை எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பதிவு மூன்று மணி நேரம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, இரவில் ஒன்று. காலையில் விளம்பரப் பாட்டு, மதியம் காதல் பாட்டு, இரவு ஜாஸ். ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு அந்தப் பெரிய கருவியைச் சுமந்து ஓட நேரமில்லாததால், ஒன்றுக்கு மேற்பட்ட பேஸ்களை வைத்துக்கொண்டு, தூக்கிப்போக ஆள் வைத்திருந்தார். பியானோவில் ஹாங்க் ஜோன்ஸ், கிதாரில் பாரி கால்பிரெய்த், டிரம்ஸில் ஓசி ஜான்சன், பேஸில் ஹிண்டன். இந்த நால்வர் கூட்டணியை ‘நியூயார்க் ரிதம் செக்‌ஷன்’ என்றே அழைத்தார்கள். அந்த ஆண்டுகளில் அமெரிக்க வானொலி கேட்ட யாரும் மில்ட் ஹிண்டனைக் கேட்காமல் இருந்திருக்க வாய்ப்பில்லை; பேரைத் தெரிந்து கேட்டவர்கள் வெகு சிலர். ஜாஸ் வரலாற்றில் மிக அதிகமான பதிவுகளில் வாசித்தவர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கவாத்தியக்காரருக்கு அந்த மூன்று மணி நேரத்துக்கான சங்கக் கூலி கிடைக்கும். அவ்வளவுதான். தட்டு பத்து லட்சம் விற்றாலும் வந்த லாபத்தில் பங்கு வராது. பல கலைஞர்கள் வறுமையில் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஹிண்டன் வீட்டில் வரவுசெலவைக் கட்டிக்காத்தவர் மனைவி மோனா. அவர் இல்லாமல் இந்தக் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

பேஸ்காரர்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். டியூக் எலிங்டன் குழுவில் இரண்டே ஆண்டில் பேஸ் வாசிக்கும் முறையையே மாற்றிக் காட்டிய ஜிம்மி பிளான்டன், 1942-இல் காசநோயில் இறந்தபோது வயது 23. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டில் வாசித்த பால் சேம்பர்ஸ், அதே நோயால் 1969-இல் மறைந்தபோது வயது 33. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தம் உருப்படி ஒன்றுக்கு ‘மிஸ்டர் பி.சி.’ என்று அவர் பேரின் ஆங்கில முதலெழுத்துகளையே வைத்தார். ஒரு தலைமைக் கலைஞர் தம் பேஸ்காரருக்குச் செய்த மரியாதைகளில் அதைவிடப் பெரிது எனக்குத் தெரியாது.

1958 ஆகஸ்ட் 12. ஆர்ட் கேன் என்ற படக்காரர் ‘எஸ்குயர்’ பத்திரிகைக்காக, ஹார்லெம் தெரு ஒன்றின் வாசற்படியில் 57 ஜாஸ் கலைஞர்களை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். ஹிண்டனும் அதில் நிற்கிறார். ஆனால் அவர் கையில் அன்றும் கேமரா இருந்தது. மோனா கையில் 8 மில்லிமீட்டர் சினிமா கேமரா. ஆர்ட் கேன் எடுத்தது எல்லோரும் அசையாமல் நின்ற ஒரு நொடி. ஹிண்டன் தம்பதி எடுத்ததோ அந்தக் காலைப்பொழுது முழுவதும்: கட்டிப்பிடிப்பு, சிரிப்பு, வெகுநாள் பார்க்காதவர்களின் கைகுலுக்கல். 1994-இல் ஜீன் பாக் அந்தப் படத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது, அதற்கு உயிர் கொடுத்தவை இந்தச் சுருள்கள்தான்.

பில்லி ஹாலிடேயின் கடைசிக்காலப் பதிவுகளிலும் ஹிண்டன் வாசித்தார். இடைவேளைகளில் படமெடுத்தார். மைக்குக்கு முன்னால் பில்லி தம் குரலைத் தாமே கேட்டுக் களைத்துப்போய் நிற்கும் முகம் நமக்கு அவரால் கிடைத்தது. மொத்தம் ஏறக்குறைய 60,000 படங்கள். முன்னால் நிற்கிறவருக்குக் கூட்டத்தின் முகம்தான் தெரியும். பின்னால் நிற்கிறவருக்குத்தான் கலைஞரின் முதுகு தெரியும், வியர்வை தெரியும், திரும்பும்போது அரைக்கணம் வந்துபோகும் பயம் தெரியும். இசையில் தாங்கிப் பிடித்த அதே இடத்திலிருந்து அவர்களைப் படத்திலும் தாங்கிப் பிடித்தார். எனக்கு இரண்டும் ஒரே தொழிலாகத்தான் தெரிகிறது.

அறுபது வயதுக்குமேல் நியூயார்க்கின் ஹன்டர், பரூக் கல்லூரிகளில் பாடம் நடத்தினார். இளைஞர்கள் அவரை ‘ஜட்ஜ்’ என்று செல்லமாக அழைத்தார்கள். 1988 ஜனவரியில், 27 வயது சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் தம்முடைய ‘ட்ரியோ ஜீப்பி’ இசைத்தட்டுக்கு 77 வயது ஹிண்டனை அழைத்தார். ஐம்பது வயது இடைவெளி. ஒருகாலத்தில் மொட்டைமாடியில் இளைஞனிடம் கற்றவர், இப்போது இன்னோர் இளைஞனுக்கு அடியில் நடந்தார். 1993-இல் அமெரிக்க அரசின் கலைநிதியம் ஜாஸ் கலைஞர்களுக்கான உயரிய சிறப்பை அவருக்கு வழங்கியது. 2000 டிசம்பர் 19 அன்று தொண்ணூறாம் வயதில் காலமானார். அவருடைய பேஸ்களில் நான்கு இன்று ஓபர்லின் இசைக்கல்லூரியில் இருக்கின்றன. மாணவர்கள் கை படும் இடத்தில் இருப்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி.

நண்பர்களே, எந்தத் துறையிலும் முன்னால் நிற்பவரை வைத்தே நாம் வரலாறு எழுதிப் பழகிவிட்டோம். அந்த வழக்கத்தால் முன்னால் நின்றவரையே நாம் சரியாகப் புரிந்துகொள்ளாமல் போகிறோம் என்பதுதான் என் வருத்தம். லெஸ்டர் யங்கால் அன்று எப்படி அத்தனை நிதானமாக, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே அவ்வளவு மௌனம் விட்டு வாசிக்க முடிந்தது? தாம் விட்ட இடத்தில் கீழே தரை இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்ததால். அந்தத் தரை அவருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

முடிக்கும் முன் அதே காட்சியை மறுபடி போடச் சொல்கிறேன். லெஸ்டர் வாசிப்பது பன்னிரண்டு ஆவர்த்தனம். ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு. நாற்பத்தெட்டு. அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லெஸ்டர் 1959 மார்ச்சில் போய்விட்டார். அதே ஆண்டு ஜூலையில் பில்லியும் போய்விட்டார். அவர்களுக்கு அடியில் நடந்தவர் இன்னும் நாற்பத்தோரு ஆண்டு இருந்து, அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நமக்குச் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளுங்கள். லெஸ்டரையும் கேளுங்கள், விட்டுவிட வேண்டாம். அவருக்கு அடியில் விழும் அந்த நாற்பத்தெட்டையும் விரல்விட்டு எண்ணுங்கள்.

விளக்கை அணைக்கலாம்.